ரொட்டிக் கடையில் மாப்பிள்ளை மீன்

சர்வே முகாம்
மார்ச் 7

சகலை அவர்களுக்கு,

உங்கள் வீட்டு நலத்தை என் மனைவியும், எங்கள் வீட்டு நலத்தை உங்கள் மனைவியும் தினமும் போனில் விசாரித்துக்கொள்கிறார்கள். அந்த வேலையை அக்கா தங்கையிடமே விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் பேசி இரண்டு வருடம் ஒரு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் பேச்சாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மீன் தொட்டி உங்கள் ரொட்டிக் கடையில் இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பழைய மின்கம்பிகளை மாற்றுவதற்காகச் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தூசியும் மின்தடையும் தொட்டிக்கு ஆகாது. என் மனைவியோ, ஆஸ்பத்திரி வார்டில் முப்பது பேர் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்து மீனுக்கும் பரிமாற என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். உங்கள் மனைவிதான் உங்களைக் கேட்காமலே "இங்க கொண்டுவந்து வைங்க மாமா" என்றார். உங்கள் வீட்டு மாடிப்படி குறுகல் என்பதால் தொட்டி கீழே கடையிலேயே தங்கிவிட்டது.

இந்த மலைக்காட்டில் போன் எடுக்காது. புது ரயில் பாதைக்கு அளவெடுத்து முடிக்க மே கடைசி ஆகும். சனிக்கிழமைதோறும் தண்ணீர் லாரி வரும், தபாலும் அதில்தான் வரும், போகும்.

நான்கு பக்கம் எழுதித் தொட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்: ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடிக்கும், நீலக் குட்டி மீனுக்கும் காலையில் துகள் தீனி, மாலையில் உறைந்த இறால் குஞ்சு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும். மிஞ்சினால் அழுகும், அழுகினால் தண்ணீர் விஷமாகும். இறாலை உருகவைத்து, கழுவி, பிறகு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டினி. மாவுக் கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது.

கல்லோரமாகத் திரியும் இன்னொரு மீன் இருக்கிறது. விரல் நீளம், பட்டு நெய்ததுபோல நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக இருக்கும். அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சகலை


ரொட்டிக் கடை
மார்ச் 13

சகலைக்கு,

பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கம் பேசியிருக்கிறீர்கள். போகட்டும். கடை திறந்த அன்று இருபத்தைந்து பேர் முன்னால் என் புது அடுப்பின்மேல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து "இது சாஞ்சிருக்கு" என்று சொன்ன கைதான் இதை எழுதியது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் படித்தேன். (மூன்று மாதம் கழித்து அடுப்பைப் பிரித்துக் கட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்த ரொட்டியை எத்தனை நாள்தான் 'ஸ்பெஷல்' என்று விற்பது?)

உங்கள் தொட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு பன் வாங்க வருகிறவர்கள் அரைமணி நேரம் நிற்கிறார்கள். நின்றால் பசிக்கிறது, பசித்தால் இன்னொரு பன். இதைப் பொறுத்தவரை உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோமாளி ஜோடிக்கு முதலாளி, முதலாளியம்மா என்று பேர் வைத்திருக்கிறேன். ஆள் பெரியவள் அவள்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஓரமாக நின்று உடம்பை ஆட்டி ஆட்டி மரியாதை காட்டுகிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எனக்குப் பழக்கம். நேற்று முதலாளியம்மா ஒரு இறாலை வாயில் கவ்விக்கொண்டுபோய், தான் குடியிருக்கும் கடற்சாமந்தியின் (பூ மாதிரி ஆடுகிறதே, அந்தப் பிராணியின்) நடுவில் திணித்தாள். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரு வாய் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள் போலிருக்கிறது. என் ஜாதி அவள். நீலக் குட்டிக்கு ரவுடி என்று பேர். விழுந்ததும் அவனுடையது, விழப்போவதும் அவனுடையது.

ஞாயிற்றுக்கிழமை பட்டினி என்கிறீர்கள். கடையை மூடலாம், வாயை மூடச் சொல்லலாமா? முதலாளியம்மா கண்ணாடியில் முட்டி முட்டிக் கேட்டாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் நீங்கள் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததால் மாடிக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பட்டுச் சட்டைக்காரர். அவருக்கு மாப்பிள்ளை என்று பேர். உடுப்பும் அப்படி, முறுக்கும் அப்படி. துகள் போட்டேன், தலைக்குமேல் விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறால் போட்டேன், மூக்குக்கு நேரே வந்ததை விலக்கிவிட்டு நடந்தார். (அவர் எங்கே நீந்துகிறார்? துடுப்பை ஊன்றி நடக்கிறார்.) இறாலை நசுக்கிப் போட்டேன், இறால் தண்ணீரை மட்டும் வடிகட்டி விட்டேன். ஒரே ஒரு பன் துணுக்கும் போட்டுப் பார்த்தேன். என் கடைக்கு வந்து இதுவரை யாரும் ஒன்றுமே தொடாமல் போனதில்லை, உங்களைத் தவிர. மாப்பிள்ளைக்கு என்னதான் வேண்டும்?

இப்படிக்கு,
சகலை


சர்வே முகாம்
மார்ச் 21

சகலைக்கு,

உங்கள் கடிதம் ஒரு லாரியைத் தவறவிட்டு இன்றுதான் வந்தது. பன் துணுக்கு என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். சமையல்காரர் தேள் என்று நினைத்து ஓடிவந்தார். தயவுசெய்து பன் வேண்டாம். அரைத் துணுக்குகூட வேண்டாம்.

மாப்பிள்ளை (பேர் பொருத்தம்தான், மறுக்கவில்லை) உங்களை அவமதிக்கவில்லை. அவன் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் வாய் மிகச் சின்னது, வயிறும் சின்னது. மற்ற மீன்கள் மாதிரி மூக்கு முட்டத் தின்றுவிட்டு மாலைவரை தாங்க மாட்டான். கல்லில் ரவையில் பாதி அளவுக்கு உயிருள்ள பூச்சிகள் ஊர்கின்றன. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுவது தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக் கொத்துகிறான். ஒரு நிமிடத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு கொத்து, எண்ணியிருக்கிறேன். அசையாத சாப்பாடு அவனுக்குச் சாப்பாடாகவே தெரியாது.

கல்லில் படிந்த பச்சையும் பழுப்புமான பாசிதான் அந்தப் பூச்சிகளின் வீடு. அந்தக் கற்கள் இருக்கும்வரை மாப்பிள்ளைக்கு நீங்கள் எதுவும் போட வேண்டாம். அவன் விஷயத்தில் சும்மா இருப்பதுதான் உங்கள் வேலை. உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

அடுப்பை நீங்கள் பிரித்துக் கட்டியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சகலை


ரொட்டிக் கடை
மார்ச் 20

சகலைக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை, ஆனால் நல்ல சேதி இருக்கும்போது காத்திருக்க முடியவில்லை.

நேற்று சுகாதார ஆய்வாளர் சோதனைக்கு வந்தார். போன வருடம் கூரை மூலையில் ஒரு சிலந்தி வலைக்காக ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போன அதே மனிதர். அதனால் புதன்கிழமை கடையைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினோம். தட்டு, அலமாரி, விளக்கு, கதவின் மேல்விளிம்பு, எதையும் விடவில்லை. உங்கள் தொட்டியைப் பார்த்தால் கல்லெல்லாம் பாசி! சாப்பாட்டுக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், பாசி!

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு (மாவு இல்லை, சத்தியம்) ஐந்து கல்லில் நான்கை எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி, ரொட்டித் தட்டு தேய்க்கும் பிரஷ்ஷால் அரைமணி நேரம் தேய்த்தேன். புத்தம் புதுப் பல்போல வெள்ளையாகிவிட்டன. பின்னால் இருக்கும் பெரிய கல் மட்டும் கைக்கு எட்டவில்லை. ஆய்வாளர் தொட்டி முன்னால் இரண்டு நிமிடம் நின்று, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். உங்கள் நான்கு பக்கத்தையும் மறுபடி படித்துப் பார்த்தேன், கல்லைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்களே மறந்ததை நான் கவனித்துச் செய்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

சகலை


ரொட்டிக் கடை
மார்ச் 24

சகலைக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. கல்லில் ஒரு அடுக்கு சாப்பாடு இருந்ததா? நான் கொதிக்கவைத்துக் கழுவியது அவன் சாப்பாட்டையா?

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நான்கு கல்லிலும் ஒரு புள்ளி இல்லை. பின்னால் கழுவாமல் விட்ட கல்லில் மட்டும் ஏதோ நாலைந்து துள்ளுகிறது. மாப்பிள்ளை அந்தக் கல்லைவிட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வருகிறான். அவன் வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. முறுக்கு இல்லை சகலை, பசி. இத்தனை நாள் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொண்டிருந்தவனிடமிருந்து, போன வாரம் அதையும் பிடுங்கிவிட்டேன்.

நீங்கள் வளர்ப்பு மீன் வாங்கும் கடைக்குக் கிளம்புகிறேன்.


சர்வே முகாம்
மார்ச் 28

சகலைக்கு,

இரண்டு கடிதமும் ஒரே லாரியில் வந்தன. முதல் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதினேன். அதை நீங்கள் படிக்கக் கூடாது என்பதற்காக அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் 'பிரஷ்' என்ற வார்த்தை ஒன்பது தடவை வந்திருந்தது.

பிறகு இரண்டாவது கடிதத்தைப் படித்தேன். கல்லைத் தொட வேண்டாம் என்று நான் எழுதவில்லை. கல்லைக் கொதிக்கவைக்கும் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் தப்பில் பாதி என்னுடையது. அந்த மீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

நிலைமை இதுதான். நான் வர இன்னும் இரண்டு மாதம். ஒரு கல்லை வைத்துக்கொண்டு அவன் அதுவரை தாங்க மாட்டான். மீன் கடை அம்மாவிடம் அந்தப் பூச்சிகள் சில சமயம் பாட்டிலில் கிடைக்கும். பாட்டில் வாரக்கணக்கில் காணாது, நாலு நாளில் தின்று தீர்த்துவிடுவான். வீட்டிலேயே வளர்க்கலாம் என்பார்கள். நானும் மூன்று தடவை முயன்றேன். தெர்மாமீட்டர் வைத்து, உப்பை எடைபோட்டு, அட்டவணை போட்டுத்தான் செய்தேன். பத்தாம் நாள் நாறிவிட்டது, மூன்று தடவையும். என்ன தப்பு என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். முடியாவிட்டால் அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

சகலை


ரொட்டிக் கடை
ஏப்ரல் 2

சகலைக்கு,

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறான். முதலில் இதைப் படியுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

மீன் கடை அம்மாவிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். அச்சு அசலாக இன்னொரு மாப்பிள்ளை! அதே பட்டு, அதே நடை. "இவனைக் கொண்டுபோய் விட்டுடுங்க. உங்க சகலைக்குத் தெரியவா போகுது?" என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஒரு நிமிடம் சபலப்பட்டேன். நீங்கள் வந்து பார்ப்பீர்கள், தலையாட்டுவீர்கள், எடுத்துக்கொண்டு போவீர்கள், கதை முடிந்தது. பிறகு கடையில் அந்தக் கல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறவனின் ஒட்டிய வயிறு ஞாபகம் வந்தது. அவனை என்ன செய்வது? குப்பையில் போட்டுவிட்டு இவனுக்கு விருந்து வைப்பதா? "வேண்டாம்மா, இருக்கிறவனுக்கு ஏதாவது குடுங்க" என்றேன். ஒரு பாட்டில் பூச்சியும், அந்தப் பூச்சிகளுக்குத் தீனியாக ஒரு பாட்டில் பாசி கலந்த பச்சை நிறத் தண்ணீரும் தந்தார்.

அவர் வளர்க்கும் முறையைச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு புல்லரித்தது. உப்புத் தண்ணீரில் விடுங்கள், பச்சைத் தண்ணீரை இளம்பச்சையாகும்வரை ஊற்றுங்கள், அது தெளிந்துவிட்டால் தின்றுவிட்டன என்று அர்த்தம், மறுபடி ஊற்றுங்கள், பெருகினால் பாதியை எடுங்கள். இது என் தாய்மாவு, சகலை! ரொட்டியைப் புளிக்கவைக்க நான் ஜாடியில் உயிரோடு வைத்திருக்கும் மாவுக்கு, இந்தக் கடை திறப்பதற்கு முன்பிருந்தே, பதினெட்டு வருடமாக இதைத்தானே செய்கிறேன்! பசித்தால் தீனி, நிறைந்தால் பாதியை எடுப்பது, கொஞ்சத்தை எப்போதும் மிச்சம் வைப்பது.

உங்கள் தப்பும் தெரிந்துவிட்டது. நீங்கள் மணி பார்த்துத் தீனி போட்டிருப்பீர்கள். எட்டு மணி என்றால் எட்டு மணி. அதற்குப் பசிக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டீர்கள். பசிக்காததற்குப் போட்டால் நாறத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பட்டினியை எனக்குச் சொல்லித் தந்த ஆளுக்கு இது தெரியாமல் போனதே!

பாதிப் பாட்டிலை அன்றைக்கே அவன் கல்லருகில் ஊற்றிவிட்டேன். மீதியை ஆறு ஜாடியாகப் பிரித்து, மாவு உப்பவைக்கும் அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஒரே ஜாடியில் எல்லாவற்றையும் வைக்கிறவன் ரொட்டிக்காரனே இல்லை. தினமும் காலையில் தாய்மாவை மோந்து பார்த்துவிட்டு அப்படியே குனிந்து இந்த ஆறையும் மோந்து பார்க்கிறேன். கடல் வாசம் வருகிறது. நல்ல வாசம்தான்.

சகலை


சர்வே முகாம்
ஏப்ரல் 11

சகலைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் மணி பார்த்துத்தான் போட்டேன், காலை எட்டு, மாலை ஆறு. சமையல்காரரிடம் இதைச் சொன்னேன். "பசிக்குதான்னு கேக்கவே இல்லையா?" என்று அவரும் அதையே கேட்டார்.

அலமாரியின் வெப்பம் எத்தனை டிகிரி? இருபத்தாறுக்கு மேல் போனால் மேல்தட்டு வேண்டாம், கீழேயே இருக்கட்டும். ஜாடிக்குள் காற்று ஊதும் குழாயில் குமிழி ஒவ்வொன்றாக வந்தால் போதும், கொதிப்பதுபோல வந்தால் பூச்சிகள் தாங்காது. வளர்ந்தபின் தொட்டியில் அப்படியே கொட்டினால் ரவுடியும் முதலாளியம்மாவும் தின்று தீர்த்துவிடுவார்கள். வாய் குறுகலான சின்ன ஜாம் பாட்டிலைப் படுக்கவைத்து, பூச்சிகளை ஒரு குழாயால் அதற்குள் விடுங்கள். மாப்பிள்ளை கீழே நடக்கிறவன், அவன் நுழைவான். மற்றவர்களுக்கு அது பிடிக்காது. நுழைவானா என்பது நிச்சயமில்லை, கேள்விப்பட்டதுதான்.

அந்த அம்மா காட்டிய இன்னொரு மீனை நீங்கள் வாங்காததைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று முடியவில்லை. லாரி கிளம்புகிறது.

அடுப்பு விஷயத்தில், அந்த ரசமட்டத்தை எல்லோரும் போனபிறகு நான் எடுத்திருக்கலாம்.

சகலை


ரொட்டிக் கடை
ஏப்ரல் 22

சகலைக்கு,

இருபத்தைந்து டிகிரி. உங்களுக்காகவே தெர்மாமீட்டர் வாங்கினேன். ரசமட்டத்துக்கு நான் பேசியதும் கொஞ்சம் அதிகம்தான், அதை அத்தோடு விடுவோம்.

நடுவில் ஒரு அடி விழுந்தது. நாலாவது ஜாடி ஒரு காலையில் அழுகின முட்டைபோல நாறியது. கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவினேன் (கழுவுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது). மற்ற ஐந்தும் தப்பித்தன. போன வாரம் டார்ச் அடித்தேன் சகலை, ஜாடிக்குள் எள் விழ இடமில்லை! கண்ணாடியெல்லாம் ரவையைத் தூவியதுபோல, அத்தனையும் துள்ளுகிறது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இப்படிக் குதிக்கிறீங்க?" என்றாள். பிறகு அவளும் பத்து நிமிடம் நகரவில்லை.

நீங்கள் சொன்னபடி ஜாம் பாட்டிலைப் படுக்கவைத்துப் பூச்சியை விட்டேன். முதல் நாள் மாப்பிள்ளை பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான், உள்ளே போகவில்லை. இரண்டாம் நாள் கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே கொத்திக் கொத்தி ஏமாந்தான். எனக்குப் பன் போட மனசில்லை, கல்லாவில் பாக்கி கொடுக்க மனசில்லை. வருகிறவர்களெல்லாம் "உள்ள போயிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டி கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. கடையில் ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை பாட்டில் வாய்க்கு நேரே வந்து நின்றான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், வலதுகால் எடுத்துவைப்பதுபோல துடுப்பை ஊன்றி உள்ளே போய்விட்டான்! அப்புறம் கொத்து, கொத்து, கொத்து. எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினேழு. உங்கள் பன்னிரண்டை மிஞ்சிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து எதற்கென்று தெரியாமலே தட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்தது, எழுத வெட்கமாக இல்லை.

இன்றைக்கு ஆறாவது நாள். வயிறு லேசாக உருண்டிருக்கிறது. ரவுடி பாட்டில் வாயில் வந்து முறைத்துவிட்டுப் போகிறான், நுழையப் பயம். கழுவின கல்லிலும் மறுபடி பழுப்பு படிகிறது. ஆய்வாளர் வந்தால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சகலை


சர்வே முகாம்
மே 2

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதத்தை முகாமில் உரக்கப் படித்தேன். கம்பம் பிடிக்கிறவர், சமையல்காரர், லாரி டிரைவர், எல்லோரும் கேட்டார்கள். 'உள்ளே போய்விட்டான்' என்ற இடத்தில் இங்கேயும் கைதட்டினார்கள்.

இப்போது அன்று எழுத முடியாததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை எனக்கு முதல் மாப்பிள்ளை இல்லை, மூன்றாவது. முதலாவது ஐந்து மாதம் இருந்தான். வயிறு ஒட்டி ஒட்டி, ஒரு காலையில் கல்லுக்குப் பின்னால் கிடந்தான். அன்றே அந்தக் கடைக்குப் போய் அதேபோல ஒன்றை வாங்கி வந்து விட்டேன். இரண்டாவது நான்கு மாதம். மறுபடியும் அதே. "தெரியவா போகுது?" என்று அந்த அம்மா சொன்னது என்னிடம் சொல்லிப் பழகிய வார்த்தை.

என் மனைவி வார்டிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டியைப் பார்த்து "எப்படி இருக்கான்?" என்பாள். நல்லா இருக்கான் என்பேன். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அடுப்பு சாய்ந்திருந்ததை இருபத்தைந்து பேர் முன்னால் சொல்லத் தெரிந்த எனக்கு, என் வீட்டுக்குள் ஒரே ஒரு ஆளிடம் இதைச் சொல்லத் தைரியம் இல்லை. அந்த நான்கு பக்கத்தில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லாததற்குக் காரணமும் இதுதான். அவன் சாப்பாடு பற்றி எழுத உட்கார்ந்தால் மற்ற இருவரையும் எழுத வேண்டிவரும் என்று பயந்து விட்டுவிட்டேன். அதனால்தான் நீங்கள் பிரஷ்ஷை எடுத்தீர்கள்.

நீங்கள் கடையில் நின்று வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு நிமிடத்தை நான் இரண்டு தடவை நழுவவிட்டவன். அதனால் கேட்கிறேன், அவன் உங்களிடமே இருக்கட்டும். என் கையில் அவன் பிழைக்க மாட்டான். மற்ற மூன்றையும் மே 28க்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இது நம்மோடு இருக்கட்டும்.

அன்புடன்,
சகலை


ரொட்டிக் கடை
மே 7

அன்புள்ள சகலைக்கு,

மாப்பிள்ளையை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். உங்களோடுதான் வருவான். இருக்கிற ஜாடிகளில் மூன்றும் கூடவே வரும், எப்படி மோந்து பார்ப்பது என்று சொல்லித் தருகிறேன். உங்கள் ஜாடி நாறினால் என்னிடம் ஓடி வாருங்கள், என் ஜாடி நாறினால் நான் ஓடி வருகிறேன். அட்டவணை மட்டும் போடாதீர்கள். அவனைப் பாருங்கள், ஜாடியைப் பாருங்கள், பிறகு கையை நீட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அதிர்ச்சி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை, மன்னிக்கவும். ஏன் என்று சொல்கிறேன். இது நம்மோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே வேறொருவரிடமும் இருக்கிறது.

பத்து நாளாக அக்கா வார்டு முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுகிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பன்னைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு மாப்பிள்ளை பாட்டிலுக்குள் போவதைப் பார்ப்பார். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அவன் வயிறு முட்டக் கொத்திவிட்டு வெளியே வந்தபோது, யாரிடமும் சொல்லாததுபோல, "இவனாவது பொழச்சானே" என்றார்.

என் மனைவி விடுவாளா? "இவனாவதுன்னா? இதுக்கு முன்னாடி யாரு?" என்றாள்.

"ரெண்டு பேரு இருந்தானுங்க" என்றார் அக்கா. "மாமா மாத்தி மாத்தி வெச்சாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு."

"எப்படிக்கா கண்டுபிடிச்சே? எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும்?"

"மீனைப் பாத்து எங்க கண்டுபிடிக்கறது? அச்சு ஒண்ணுதான். இவரு சாப்பாட்டைப் பாத்தேன். அந்த ரெண்டு தடவையும் நாலு நாளு, தட்டுல வெச்சது வெச்சபடி இருந்துச்சு. கேட்டா பசிக்கலைன்னாரு. வார்டுல இதைப் பாக்கறதுதானே எனக்கு வேலை? என்னமோ ஆயிடுச்சுன்னு தொட்டிகிட்ட போய்ப் பாத்தா, ஊருக்குப் புதுசா வந்தவன் மாதிரி ஒருத்தன் முழிச்சிட்டு நிக்கறான்."

"கேட்டிருக்கலாமே" என்றேன் நான்.

"கேட்டா உடைஞ்சுடுவாரு. எப்படி இருக்கான்னு தினமும் நான் கேட்டது மீனை இல்லை, இவரைத்தான். என்னைக்காவது அவரா சொல்வாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

இதை நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நீங்களே வந்து சொல்லுங்கள். அவரும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,
சகலை